சாரல் காலத்து வானும் ஆறு அங்குலத் தொலைநோக்கியும்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சித்திரையில், ஆறு அங்குல விட்டமுள்ள கண்ணாடி கொண்ட டாப்சோனியன் (அடிப்பலகையின் மேல் கையால் திருப்பும் எளிய வகை) தொலைநோக்கி ஒன்று வாங்கி, வீட்டு மொட்டை மாடியில் வைத்துப் பார்த்து வருகிறார். ஆனி பிறந்ததிலிருந்து வானம் மூடியே கிடக்கிறது. திறந்த இரண்டு மூன்று பின்னிரவுகளிலும் சனிக் கோள், ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் போல நெளிந்துகொண்டே இருந்தது. வளையமும் படங்களில் கண்டபடி விரிந்திருக்காமல் ஒல்லியாகத் தெரிந்தது என்று வருந்துகிறார். நம் ஊர் இதற்கு ஏற்ற ஊர்தானா, கருவியில் கோளாறா, இதைக் கொடுத்துவிட்டு எட்டு அங்குலமாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, ஊரைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிலவையும் கோள்களையும் பார்ப்பதற்குத் திருநெல்வேலிச் சீமையைப் போல வாய்த்த இடங்கள் குறைவு. நாம் இருப்பது வட அகலாங்கு ஏறத்தாழ 8.7 பாகையில். கோள்கள் எல்லாம் சூரியன் செல்லும் பாதையை ஒட்டியே நகர்வதால், அவை நம் தலைக்கு நேர் மேலாகவோ சற்றுத் தள்ளியோதான் உச்சியைக் கடக்கின்றன. அந்தப் பாதையின் தென்கோடியில், தனுசு ராசிப் பக்கம் ஒரு கோள் நிற்கும் ஆண்டுகளில்கூட, உச்சி வேளையில் அது நமக்கு அடிவானிலிருந்து சுமார் 58 பாகை உயரத்தில் இருக்கும். அதே கோளை இலண்டனிலிருந்து பார்ப்பவருக்கு அது 15 பாகைக்கு மேல் ஏறாது. அவருடைய பார்வை நம்முடையதைக் காட்டிலும் மூன்று மடங்குக் காற்றைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். தெருவிளக்கைப் பற்றியும் கவலை வேண்டாம். மங்கலான விண்மீன் கூட்டங்களைப் பார்ப்பவருக்குத்தான் இருட்டு உயிர். நிலவும் வியாழனும் சனியும் எல்இடி விளக்குக் கம்பத்தடியிலும் தெரியும். வெளிச்சம் கண்ணில் அடித்தால் தலையோடு ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பாருங்கள்.

நீங்கள் கண்ட நெளிவைப் புரிந்துகொள்ள, வானத்தின் தெளிவையும் காற்றின் அமைதியையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். மழை ஓய்ந்த இரவில் தூசியெல்லாம் கழுவப்பட்டு விண்மீன்கள் பளிச்சென்று மின்னினால் நாம் மகிழ்ந்து போகிறோம். அந்த மின்னுதல்தான் கோள் பார்ப்பவருக்குக் கெட்ட செய்தி. வெவ்வேறு வெப்பத்தில் இருக்கும் காற்றடுக்குகள் ஒன்றையொன்று உரசிக் கலங்கும்போது, ஒவ்வொரு சுழிப்பும் ஒரு சிறிய கண்ணாடி வில்லையைப் போல ஒளியை அங்குமிங்கும் வளைக்கிறது. வெறுங்கண்ணுக்கு அது விண்மீனின் சிமிட்டல். தொலைநோக்கியில் 120 மடங்கு பெருக்கிப் பார்க்கும்போது அது சனியின் நெளிவு. வானியல் பார்ப்பவர்கள் இதைத்தான் சீயிங் சரியில்லை என்று சொல்கிறார்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் நம் தலைக்கு மேல் இரண்டு பெருங்காற்றுகள் எதிரெதிராக ஓடுகின்றன. கீழே, தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குள் ஓடுவது அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று. அது பொதிகை மலைத்தொடரில் மோதி, மழையைப் பெரும்பாலும் அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, மலையுச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் சரிகிறது. ஆரியங்காவு, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகவும் புகுந்து வருகிறது. குற்றாலத்துக்குச் சாரலும் பணகுடி, இராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளுக்குச் சுழற்சியும் தருவது இந்தக் காற்றே. மேலே, 12 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக வேறொரு வேகக்காற்று தென்னிந்தியாவின் மேல் பாய்கிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1950களில் இதை ஆராய்ந்து விளக்கினார். அது ஜூன் முதல் செப்டம்பர் வரை இருந்துவிட்டுப் பின்பு அடங்கிவிடும். இந்த இரண்டுக்கும் இடையே கிடக்கும் காற்றின் வழியாகத்தான் நீங்கள் சனியைப் பார்த்தீர்கள். பாபநாசத்தில் பாறையைத் தாண்டி விழும் ஆற்று நீர் பாறைக்குப் பின்னால் எப்படிச் சுழிக்கிறதோ, அப்படியே மலையைத் தாண்டிய காற்றும் மலையடிவாரத்தில் சுழித்துப் புரளும். கல்லிடைக்குறிச்சி அந்தச் சுழிப்புக்கு மிக அருகில் இருக்கிறது. கிழக்கே பாளையங்கோட்டையில் இருக்கும் எனக்கு அதன் உக்கிரம் சற்றுத் தணிந்து வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

எட்டு அங்குலம் இதைத் தீர்க்காது. ஒளியைத் திரட்டும் கண்ணாடியான ஆடியின் விட்டம் கூடக் கூட, ஒரே நேரத்தில் அதன் முன் நிற்கும் காற்றுச் சுழிப்புகளும் கூடும். கலங்கிய இரவில் பெரிய கருவி அந்தக் கலக்கத்தைத்தான் பெரிதாகக் காட்டும். உங்கள் 150 மில்லிமீட்டர் ஆடி, அமைதியான இரவில் முக்கால் வினாடிக் கோணம் (ஒரு வினாடி, ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) வரை பிரித்துக் காட்ட வல்லது. நிலவின் மேல் அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். அந்த எல்லையைத் தொடும் இரவுகளை நீங்கள் இன்னும் ஒன்றுகூடக் காணவில்லை என்பதே என் எண்ணம். அவற்றைக் கண்ட பிறகு பெரிய கருவியைப் பற்றி யோசிக்கலாம்.

ஆனாலும் பழியை முழுவதும் வானத்தின் மேல் போட்டுவிடக் கூடாது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. இப்போது முன்னிரவில் உயரத்தில் தெரியும் சுவாதி விண்மீனை 120 மடங்கில் பிடித்து, குவியத்தைச் சற்றே விலக்குங்கள். புள்ளியாக இருந்தது ஒரு சிறு வட்டமாக விரியும். நடுவில், குழாயின் வாய்ப்பக்கம் இருக்கும் சிறிய இரண்டாம் ஆடியின் நிழல் கறுப்புப் பொட்டாகத் தெரியும். அந்தப் பொட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி, வட்டங்கள் ஒருமையம் இல்லாமல் கிடந்தால் ஆடிகள் நேராக நிற்கவில்லை. அவற்றை நேர்ப்படுத்தும் கொலிமேஷன் செய்ய வேண்டும். வட்டத்தின் ஓரத்திலிருந்து புகை எழுவது போல மெதுவாக ஏதோ கசிந்து நெளிந்தால் அது குழாய்க்குள் இருக்கும் வெப்பம். அரை மணி நேரம் பொறுத்தால் அடங்கிவிடும். வட்டத்தின் குறுக்கே ஒரே திசையில் விறுவிறுவென்று கோடுகள் ஓடினால் அது உயரத்துக் காற்று. அதற்கு மனிதர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வட்டம் முழுவதும் கொதிக்கும் உலைநீரைப் போலக் குமிழியிட்டால் காரணம் பெரும்பாலும் பக்கத்திலேயே, பல வேளைகளில் நம் காலடியிலேயே இருக்கும்.

அந்தக் காலடி என்பது நீங்கள் கருவியை வைக்கும் மொட்டை மாடி. நம் பக்கத்தில் தட்டட்டி என்று சொல்லும் அந்தத் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை நள்ளிரவு வரை உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. கோடையில் அங்கே படுப்பதற்கு முன் பெரியவர்கள் நாலு குடம் தண்ணீர் ஊற்றிச் சூடு ஆற்றியது இதனால்தான். தொலைநோக்கிக்கும் அதே வைத்தியம் ஓரளவு பலிக்கும். அதைவிடக் கொல்லைக்கு இறங்கிவிடுவது நல்லது. மண் தரையும் செடி கொடியும் இரண்டொரு தென்னையும் இருக்கும் இடம் பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில் ஆறிவிடும். தென்னை மறைக்கும் வானம் போனால் போகட்டும். கோள்கள் உயரே ஏறி வரும் நம் ஊரில் அதனால் பெரிய நட்டம் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், குழாய் ஆடாமல் இருக்குமா? கொல்லைச் சுவரின் மறைவு அதற்கும் உதவும். அடுத்த வீட்டு ஓட்டுக் கூரைக்கும் தளத்துக்கும் மேலாகப் பார்ப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கருவியை ஏசி அறையில் வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். குளிர்ந்த ஆடி நம் ஊர் ஈரக்காற்றைக் கண்டவுடன் வேர்த்துவிடும். காற்றோடும் தாழ்வாரம்தான் அதற்கு இடம்.

சாரல் மாதங்களில் தொலைநோக்கியை உறையிட்டு மூலையில் சாத்திவிடுபவர்களே அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேகம் ஓடும் இரவுகளில் கோள்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நிலவைத் தேடினால் நிறையக் கிடைக்கும். நிலவில் பகலும் இரவும் சந்திக்கும் எல்லைக்கோடு, அதன் நடுக்கோட்டையொட்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய ஒரு மிதிவண்டி வேகத்தில், நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு மேக இடைவெளியில் பார்த்ததை அடுத்த இடைவெளியில் பார்க்கும்போது அது மாறியிருக்கும். ஒருமுறை ஆடி மாத வளர்பிறை அஷ்டமியன்று, பொதிகைப் பக்கமிருந்து மேகங்கள் மந்தை மந்தையாக வந்துகொண்டிருந்தன. ஒரு மந்தைக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலைந்து நிமிடம் நிலவு வெளியே வரும். முதல் இடைவெளியில் டாலமி என்ற பெரும்பள்ளத்தின் தரை முழுக்க மை இருட்டாக இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அடுத்த நல்ல இடைவெளி வந்தபோது, கிழக்கு விளிம்பின் பிளவுகள் வழியே வெயில் புகுந்து, அந்தத் தரையின் மேல் சாம்பல் நிறத்தில் நீளமான இழைகளைப் போட்டிருந்தது. இழைகளுக்கு நடுவே விளிம்பு மலைகளின் நிழல்கள் கூர்கூராக நீண்டு கிடந்தன. மூன்றாம் இடைவெளியில் அந்த இழைகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருந்தன. 153 கிலோமீட்டர் அகலமுள்ள ஓர் இடத்தில் பொழுது விடிவதை, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் புறவாசலில் நின்று பார்த்தேன். தெளிந்த வானமாக இருந்திருந்தால் ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திருப்பியிருப்பேன்.

நிலவைப் பார்க்க நாள்காட்டியிலுள்ள திதியே போதுமான வழிகாட்டி. மூன்றாம் பிறை நம் அகலாங்கில் தோணி போலக் கொம்புகள் மேலே நிற்கத் தோன்றும். அதன் இருண்ட பகுதியில் பூமியிலிருந்து பட்டுத் திரும்பும் மங்கிய ஒளியைப் பாருங்கள். நாலாம் பிறையைப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். தொலைநோக்கிக்காரருக்கு அது நல்ல நாள். சஷ்டியையொட்டி தியோபிலஸ், சிரில்லஸ், கேதரினா என்ற மூன்று பள்ளங்களும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். நவமியையொட்டி, ‘நேர்ச்சுவர்’ என்று பெயர் பெற்ற 110 கிலோமீட்டர் நீளமான சரிவு, மைக்கூட்டில் தோய்த்து இழுத்த கோடு போலத் தெரியும். தசமிக்குக் கோப்பர்னிக்கஸ், ஏகாதசிக்கு வானவில் வளைகுடா. வளர்பிறைத் திதிகள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருநாள் முன்பின்னாக அமையலாம், பொறுத்துக்கொள்ள வேண்டும். பௌர்ணமியன்று மட்டும் நிழலே இல்லாமல் எல்லாம் தட்டையாகிவிடும். டைக்கோ பள்ளத்திலிருந்து பிரியும் வெள்ளைக் கீற்றுகளைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

மேகத்தைப் படிக்கவும், நிலவைச் சுற்றித் தோன்றும் வளையத்தைக் கோட்டை என்று சொல்லும் பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது: கிட்டக் கோட்டை கட்டினால் எட்ட மழை, எட்டக் கோட்டை கட்டினால் கிட்ட மழை. நிலவை ஒட்டினாற்போல் தெரியும் சிறிய வண்ண வளையம், மெல்லிய மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகளால் வருவது. அந்த மேகம் பெரும்பாலும் கலைந்து போகும், அதன் ஊடாகவே நிலவைப் பார்க்கலாம், கூசும் ஒளியும் தணிந்திருக்கும். 22 பாகை தள்ளி, கையை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய ஒரு சாண் தொலைவில் விழும் பெரிய வட்டம், மிக உயரத்தில் பரவும் மேகத்தின் பனிப் படிகங்களால் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து மழை மேகம் நெருங்கும்போது அது முன்னால் வந்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எட்டக் கோட்டை கட்டியிருந்தால் கருவியை வெளியே எடுப்பதற்கு முன் தார்ப்பாயை எடுத்து வையுங்கள்.

உண்மையான பருவம் மார்கழிப் பின்பாதியிலிருந்து பங்குனி வரை. வட இந்தியாவின் மேல் குளிர்காலத்தில் பாயும் மேலைக்காற்றின் வேகத்தடம் நமக்கு மிக வடக்கே போய்விடுகிறது. பருவக்காற்றுகள் இரண்டும் ஓய்ந்திருக்கும். பிசானப் பயிர் நிற்கும் வயல்களின் மேல் விடியும் வரை மெல்லிய பனிமூட்டம் கிடக்கும், விண்மீன்கள் மங்கலாக, சிமிட்டாமல் நிற்கும். புதிதாக வருபவர்கள் வானம் தெளிவாக இல்லை என்று சொல்லி உள்ளே போய்விடுவது இந்த இரவுகளில்தான். எனக்கு வாய்த்த மிகச் சிறந்த வியாழன் காட்சி அப்படிப்பட்ட ஒரு தை மாத இரவில் கிடைத்தது: 200 மடங்கில் வட்டம் அச்சடித்தாற்போல் நின்றது, வடக்குப் பட்டையின் ஓரத்திலிருந்து நீலம் கலந்த சாம்பல் இழைகள் நடுக்கோட்டுப் பக்கம் வளைந்து இறங்கின, அயோ நிலவின் நிழல் பேனா முனை தொட்டாற்போல ஒரு கறுப்புப் புள்ளியாக வட்டத்தின் குறுக்கே ஊர்ந்து போனது. சித்திரை, வைகாசியில் மாலை இடிமழைக்குப் பிறகு வரும் பளிச்சென்ற வானம் இதற்கு நேர்மாறு. இரண்டு மணி நேரமாவது பொறுத்தால்தான் காற்று அடங்கும்.

பனி இருக்கும் இரவில் கண்ணருகு வில்லையும், குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கியான ஃபைண்டரும், சில வேளை இரண்டாம் ஆடியும் நனைந்துவிடும். பழைய யோகா பாயை வெட்டிக் குழாயின் வாயில் ஒரு முழ நீளத்துக்குச் சுற்றிவிட்டால் இரண்டாம் ஆடி நனைவது பெரும்பாலும் தடுக்கப்படும். நனைந்ததைத் துணியால் துடைக்கக் கூடாது, நனைந்தபடியே மூடவும் கூடாது. வீட்டுக்குள் கொண்டுவந்து, மூடிகளைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட்ட பிறகே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் அடைக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழைக்குப் பிறகு, வெள்ளம் வடிந்த வீட்டைச் சரிசெய்யும் அலைச்சலில் நான் என் வில்லைப் பெட்டியைத் திறந்து பார்க்கவே ஒரு மாதம் ஆகிவிட்டது. நான் மிக விரும்பிய 6 மில்லிமீட்டர் வில்லையின் உள்பக்கத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

பெருக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல். ஆறு அங்குல டாப்சோனியன்களின் குவியத் தொலைவு பெரும்பாலும் 1200 மில்லிமீட்டர். அதைக் கண்ணருகு வில்லையின் மில்லிமீட்டர் எண்ணால் வகுத்தால் பெருக்கம் வரும்: 25 வில்லையில் 48 மடங்கு, 10 வில்லையில் 120, 6 வில்லையில் 200. ஆடி மாதத்தில் 120க்கு மேல் போக வேண்டாம். எந்தப் பெருக்கத்திலும் கண்ணை எடுக்காமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். கொதிப்புக்கு நடுவே அரை நொடி, ஒரு நொடி என்று காற்று தெளியும், அந்த நொடிகளில் கண்டதைப் பென்சிலால் வரைந்து வையுங்கள். கை வரையும்போது கண் கூர்மையாகிறது.

சனியின் வளையம் ஒல்லியாகத் தெரிந்ததற்கும் கருவிக்கும் தொடர்பில்லை. 29 ஆண்டுகளுக்குச் சற்று மேல் எடுத்துச் சூரியனைச் சுற்றும் சனி, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு காலங்களில் வளையத்தின் ஓரத்தை நமக்குக் காட்டும். 2025 மார்ச் 23 அன்று பூமி அந்த வளையத் தளத்தைக் கடந்தது. அதிலிருந்து வளையம், இடையிடையே சற்றுச் சுருங்கினாலும், மெல்ல விரிந்துகொண்டு வருகிறது, 2032 வாக்கில் முழு அகலத்தைக் காணலாம். 2026 அக்டோபர் 4 அன்று சனி சூரியனுக்கு எதிர்நிலைக்கு, அதாவது நம் வானில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்துக்கு, வருகிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அது அக்டோபரிலேயே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில், வரும். ஆகவே நாள் பார்த்துக் காத்திருக்காமல், புரட்டாசியில் நள்ளிரவை ஒட்டியும், பிறகு மழை ஓய்ந்த மார்கழி, தை மாத முன்னிரவுகளிலும் அதைப் பாருங்கள். இடையில் வெள்ளி இருக்கிறது. 2026 ஆகஸ்ட் நடுவில் அது மாலை வானில் அரைநிலா வடிவத்தில் இருக்கும்; செப்டம்பர் கடைசியில் பிறையாக மெலிந்து, அளவில் பெரிதாகும். இருட்டும் வரை காத்திருந்தால் உங்களுக்கு அது மலை மேகத்துக்குள் போய்விடும். சூரியன் மலைக்குப் பின்னால் முழுவதும் மறைந்ததை உறுதிசெய்துகொண்டு, வானம் வெளிறியிருக்கும்போதே பிடித்துவிடுங்கள். கண் கூசாமல் அதன் வடிவம் தெரியும் நேரமும் அதுவே.

2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் ஒரே மாதத்தில் சிம்ம ராசிப் பக்கம் எதிர்நிலைக்கு வருகின்றன. வியாழன் 10ஆம் தேதியையொட்டி, செவ்வாய் 19ஆம் தேதியையொட்டி. நம் சீமையின் மிக அமைதியான மாதமும் அதுதான். ஒரே இடர், இரண்டும் நள்ளிரவுக்குச் சற்றுப் பிறகு ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடும். டாப்சோனியனை நெட்டுக்குத்தாக நிறுத்திவிட்டால் பக்கவாட்டில் நகர்த்திக் கோளைப் பின்தொடர்வது மிகக் கடினம். ஆகவே இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை கிழக்கு வானில் உயர்ந்து வரும்போது பாருங்கள். பிறகு ஒரு மணி நேரம் சுக்குக் காப்பி குடித்துவிட்டு ஓய்வெடுத்து, ஒன்றரை மணிக்கு மேல் மேற்கே சாயத் தொடங்கியதும் மறுபடி உட்காருங்கள். தளமும் சுவரும் முழுக்க ஆறியிருக்கும் அந்த நேரத்துக்கு 6 மில்லிமீட்டர் வில்லையை எடுத்து வையுங்கள்.